குச்சியா, நெல்லா?

பத்துப் பொருள்கள் ஓர் இடத்தில் உதிரியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சோறு சாப்பிட முடியாத ஒரே ஜீவன், அன்றைய பெரிய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, எங்கள் பத்துக்கட்டு டீச்சர்தான். முருங்கைக்காயோ, சுள்ளியோ, நாற்று முடியோ, பத்து சேர்ந்துவிட்டால் இடுப்பில் செருகியிருக்கும் வாழைநார் வெளியே வந்துவிடும். ஒரு சுற்று, ஒரு முடிச்சு. ஒன்பது இருந்தால் சீண்டமாட்டார். பதினொன்று இருந்தால் பத்தைக் கட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் ஒன்றைப் பார்த்து, "நீ கொஞ்சம் பொறு, ஒனக்கும் ஒம்பது பேர் வருவாங்க" என்று ஆறுதல் சொல்வார். நானே காதால் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் பேசியது ஒரு கத்திரிக்காயிடம்.

வலங்கைமானில் ஒரு கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வரிசையில் பதினோராவது இலையில் உட்கார்ந்திருந்தவரை டீச்சர் எழுப்பி, "நீங்க அடுத்த வரிசைங்க" என்று அனுப்பிவிட்டார். எழுந்து போனவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அவர் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார். சமாதானம் பண்ணி அழைத்து வர நாலு பேர் போனார்கள், அவர் வரவில்லை. "பத்துப் பேராப் போயிருந்தா வந்திருப்பாரு" என்றார் டீச்சர், கையைக் கழுவிக்கொண்டே.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் இருக்கும். ஊரில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால் இங்கேயும் அது வேண்டாம்.

வலங்கைமானிலிருந்து சற்றுத் தள்ளி, வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு கிராமம். அங்கே இரண்டு வாத்தியார் பள்ளிக்கூடம். ஒருவர் தலைமையாசிரியையான டீச்சர். இன்னொருவர், பயிற்சி முடித்த கையோடு முதல் வேலைக்கு வந்த நான். பஸ் ரோட்டில் இறங்கி, இரண்டு தென்னை மரங்களைச் சேர்த்துப் போட்ட பாலத்தைத் தாண்டினால் பள்ளிக்கூடம் வந்துவிடும். அது ஒரு காலத்தில் பண்ணையாரின் நெல் கொட்டகை. வேலையில் சேரும் உத்தரவை மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது, ஓர் அம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து விளக்குமாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆயா என்று நினைத்துவிட்டேன்.

"ஏம்மா, ஹெட்மாஸ்டர் எங்க இருக்காங்க?"

"இங்கதான் ஒக்காந்திருக்கேன். நீங்க புது சாரா? நல்லதாப் போச்சு. அந்த இன்னொரு வெளக்கமாத்தப் பிரிங்க."

அரசாங்கச் சம்பளத்துக்கு நான் செய்த முதல் வேலை அதுதான். ஈர்க்குச்சிகளைத் தனித்தனியாக உருவி, ஒரே அளவாக நறுக்கி, குவித்து வைத்தோம். அன்று பள்ளிக்கூடத்தை யாரும் பெருக்கவில்லை. பெருக்க ஒரு விளக்குமாறும் மிச்சம் இல்லை.

அந்தக் குச்சிகள்தான் டீச்சரின் கணக்குப் புத்தகம். முற்றத்தில் சுண்ணாம்புக் கோட்டால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டிருந்தார். அவை மூன்று வீடுகள். வலது பக்கம் ஒன்று வீடு, நடுவில் பத்து வீடு, இடது பக்கம் நூறு வீடு. ஒன்று வீட்டில் ஒன்பது குச்சி வரைக்கும்தான் குடியிருக்கலாம். பத்தாவது குச்சி வந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு கட்டாகி, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே பத்துக் கட்டு சேர்ந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி நூறு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இடமதிப்பு என்று நான் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் மனப்பாடம் பண்ணிய சங்கதி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உள்ளங்கையில் நாரும் குச்சியுமாகக் கிடந்தது. எனக்கே அன்றைக்குத்தான் அது முழுசாகப் புரிந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பென்ஷனை இனி யாரும் பிடிக்கமாட்டார்கள்.

பத்துக் கட்டும் நூறு கட்டும் தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரிய வேண்டும் என்று டீச்சருக்கு ஓர் ஆசை. பத்துக்குக் கறுப்புத் துணி, நூறுக்குச் சிவப்புத் துணி என்று முடிவு செய்தார். சிவப்புக்கு அவருடைய பழைய சேலை ஒன்று கிழிந்தது. கறுப்புக்கு என் குடை. "சார், குடையக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப்போனவர், மறுநாள் காலையில் வெறும் கம்பியாகத் திருப்பிக் கொடுத்தார். அதிலும் அவருக்குத்தான் குறை.

"எட்டுக் கம்பிதான் சார் இருக்கு. இன்னும் ரெண்டு இருந்திருந்தா ஒரு கட்டு தேறியிருக்கும்."

ஐப்பசி அடைமழையில் நான் வாழையிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கேட்டவர்களிடம் குடை கணக்குப் பாடம் நடத்தப் போயிருக்கிறது என்று சொன்னேன்.

நூறு ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் என்ன வரும்? விளக்குமாறுதான் வரும். ஆக, எங்கள் பிள்ளைகளுக்கு நூறு என்றாலே விளக்குமாறு. முந்நூற்று இருபத்தைந்தை, "மூணு வெளக்கமாறு, ரெண்டு கட்டு, அஞ்சு குச்சி" என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். ஊரில் விளக்குமாறு காணாமல் போனால் பெண்கள் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து தேடினார்கள். சின்னப்பொண்ணு என்று மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. பண்ணை ஆட்கள் குடியிருந்த தெருவிலிருந்து வருபவள். ஒருநாள் அவள் அம்மா ஏதோ கோபத்தில், "இரு, வெளக்கமாறு பிஞ்சிடும்" என்று கையை ஓங்கியிருக்கிறாள். அவள் அசையாமல் நின்று, "நூறு பிஞ்சா பத்துப் பத்துக் கட்டா ஆயிடும்மா, ஒண்ணும் கொறையாது" என்று சொல்லியிருக்கிறாள். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டதாம். கடன் வாங்கிக் கழித்தலை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

பூஜ்யம்தான் பிள்ளைகளுக்குப் புரியாமல் இருந்தது. இருநூற்று ஐந்தை இருபத்தைந்து என்று எழுதினார்கள். டீச்சர் தன் வீட்டுப் பூட்டைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார்.

"பத்து வீட்டுல யாரும் இல்ல. அதுக்காகத் தொறந்து போட்டுட்டுப் போவலாமா?"

"கூடாது டீச்சர்!"

"தொறந்து கெடந்தா என்ன ஆவும்?"

"நூறு வீட்டுக்காரங்க வந்து குந்திக்குவாங்க டீச்சர்!"

"வந்தவங்க காலி பண்ணுவாங்களா?"

"மாட்டாங்க டீச்சர்!"

"அதான் பூட்டு. பூஜ்யம்னா பூட்டு."

பாடம் அருமையான பாடம். நேரம்தான் பொல்லாத நேரம். சரியாக அப்போது பண்ணையாரின் காரியஸ்தர் வாசலில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு விரலோடு அப்படியே நின்றுவிட்டார்.

அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டும். ஆட்சி மாறிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. டீக்கடை பெஞ்சில் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு, வயல் தலைமாட்டில் செங்கொடி, அறுப்புக் காலத்தில் ரோட்டோரம் போலீஸ் லாரி. கூலி எத்தனை மரக்கால், உள்ளூர் ஆளா அசலூர் ஆளா, குத்தகைக்காரன் நிலத்தை விடுவானா மாட்டானா என்று நித்தம் ஒரு சச்சரவு. உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் பண்ணையார் தமக்கு எத்தனை ஏக்கர் என்பதையே மறந்துவிட்டார். யார் கேட்டாலும் ரொம்பக் குறைத்துத்தான் ஞாபகம் வந்தது. இந்த லட்சணத்தில், அவர் கொடுத்த கொட்டகையில், அவர் வீட்டு ஆட்களின் பிள்ளைகளிடம், காலியான வீட்டில் வந்து குந்துகிறவன் காலி பண்ணமாட்டான் என்று ஓர் அம்மாள் பாடம் சொன்னால் என்ன ஆகும்?

அது ஒரு பக்கம் இருக்கட்டும். சின்னப்பொண்ணு செய்த தப்பைச் சொல்கிறேன்.

எட்டும் ஐந்தும் எத்தனை என்று நான் பலகையில் எழுதிப் போட்டேன். சின்னப்பொண்ணு சிலேட்டில் 11 என்று எழுதிக் காட்டினாள். திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் 11. மூன்றாம் தடவையும் அதே 11 வந்ததும் எனக்கு ரோஷம் வந்து, தலையில் ஒரு குட்டு வைத்தேன். சத்தம் கேட்டு டீச்சர் வந்தார்.

"எப்படிடி பதினொண்ணு வந்துச்சு? என்கிட்டச் சொல்லு."

அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எட்டு மரக்கா இருக்கு டீச்சர். இன்னும் அஞ்சு மரக்கா போடுறோம். பன்னெண்டு ஆனவுடனே ஒரு கலம். மிச்சம் ஒரு மரக்கா. ஒரு கலம், ஒரு மரக்கா. ஒண்ணு, ஒண்ணு."

தஞ்சாவூர் நெல்லுக்குப் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அவள் பிறந்ததிலிருந்து களத்துமேட்டில் கேட்டுக்கொண்டிருந்த கணக்கு அது. பன்னிரண்டு ஆனால்தான் மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் பத்திலேயே ஏறுகிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார்.

"சார், இவ தப்புப் பண்ணல. நாமதான் கேக்க வேண்டியதக் கேக்காம விட்டுட்டோம். அந்தக் குட்டத் திரும்ப வாங்கிக்குங்க."

எப்படி வாங்கிக்கொள்வது என்று நான் விழித்தேன். டீச்சர் சின்னப்பொண்ணைத் தூக்கிப் பிடித்தார். முப்பது நாற்பது பிள்ளைகள் பார்க்க, மூன்றாம் வகுப்புச் சிறுமி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது என்றும் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து எந்தக் கணக்குப் போட்டாலும் பிள்ளைகள் முதலில், "குச்சியா, நெல்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். குச்சி என்றால் பத்தில் கட்ட வேண்டும். நெல் என்றால் பன்னிரண்டில். இரண்டையும் சரியாகப் போட்டார்கள். நான் நெல்லில் தடுமாறுவேன்.

அடுத்தது முழுமையாக்குதல். நாற்பத்து மூன்றைக் கிட்டத்தட்ட நாற்பது என்றும், நாற்பத்தேழைக் கிட்டத்தட்ட ஐம்பது என்றும் சொல்கிறோமே, அந்தப் பாடம். அதற்கு டீச்சர் எடுத்துக்கொண்டது தென்னைமரப் பாலம். ஆசாரியைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடக் கரையிலிருந்து ரோட்டுக் கரை வரைக்கும் மரத்தில் ஒன்பது வெட்டுப் போடச் சொன்னார். இந்தக் கரை முப்பது, அந்தக் கரை நாற்பது. நடுவில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பிள்ளை. டீச்சர் கரையில் நின்று, "தண்ணி வருது!" என்று ஒரு சத்தம் போடுவார். மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அவரவர் பக்கத்தில் இருக்கும் கரைக்கு ஓட வேண்டும். நான்கு வரைக்கும் நிற்பவர்கள் முப்பதுக்கு. ஆறிலிருந்து நிற்பவர்கள் நாற்பதுக்கு.

ஐந்தில் யாரையாவது நிறுத்திக் காட்ட வேண்டும். "சார், நீங்க வாங்க" என்றார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவெட்டில் போய் நின்றேன். "தண்ணி வருது!" என்றார். நான் இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். இரண்டும் ஒரே தூரம். பயிற்சி பெற்ற ஆசிரியன் அல்லவா, காரணம் கேட்காமல் ஓடலாமா? "டீச்சர், ரெண்டும் சமமாத்தானே..." என்று ஆரம்பித்தேன். மீதியை வாய்க்காலுக்குள் இருந்துதான் சொல்ல முடிந்தது.

"பாத்தீங்களா புள்ளைங்களா," என்று டீச்சர் நிதானமாக விளக்கினார். "அஞ்சுல நின்னு யோசிச்சா இதான் கதி. அஞ்சு வந்தவன் பாதி தாண்டிட்டான். முன்னாடிதான் போவணும்."

அந்த ஊரில் ஐந்தை மேலே ஏற்ற வேண்டும் என்பதை ஒரு பிள்ளைகூட அதற்கப்புறம் மறக்கவில்லை. அந்தப் பெருமை எனக்கும் என் வேட்டிக்கும் உரியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பண்ணையாரிடமிருந்து கல்வி இலாகாவுக்கு டீச்சர்மேல் மனு கிளம்பியது. காரியஸ்தர் பார்த்ததையெல்லாம் பண்ணையாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராகக் கைகோத்து வரப்பில் நடந்து போகிறார்கள்; குச்சிகளில் சிவப்புத் துணி பறக்கிறது; காலி வீட்டில் குந்தச் சொல்லிப் பாடம் நடக்கிறது; வாத்தியாரையே பிள்ளைகளை விட்டு அடிக்க வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் சங்கடம். வேடிக்கை என்னவென்றால், சிவப்பைப் பார்த்த செங்கொடிக்காரர்கள் டீச்சரைத் தோழர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்த ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர், மாலையோடு வந்து, "நம்ம கொடிய இவ்வளவு சின்ன வயசுலயே புள்ளைங்க கையில குடுத்துட்டீங்களே" என்று கண்கலங்கினார். டீச்சர் மாலையை வாங்கிக்கொண்டு அதிலிருந்த பூவை எண்ணினார்.

நான் பயந்து போனேன். மனுவை மேலே நம்பினால் டீச்சரைத் தூக்கிக் கோடியக்கரைப் பக்கம் போட்டுவிடுவார்கள். அவர் போய்விட்டால் பண்ணை ஆட்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிற்கமாட்டார்கள். மாடு மேய்க்க வேண்டியவர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்ததே அவர்தான். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

"அந்தச் செவப்புத் துணியையாவது மாத்திடுங்களேன் டீச்சர்" என்று கெஞ்சினேன்.

"மாத்தலாம். ஒங்க வேட்டியக் குடுக்குறீங்களா?"

நான் பேச்சை மாற்றினேன்.

மனுவை விசாரிக்கப் பள்ளிக்கூட டெப்டி இன்ஸ்பெக்டர் ஒரு திங்கட்கிழமை வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கறார்ப் பேர்வழி. கூடவே, வழிகாட்டுகிற சாக்கில், காரியஸ்தர். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்றார். "சுமார் நாப்பது சார்" என்றேன்.

"நாப்பத்தி மூணு சார்" என்றார் டீச்சர்.

"சரிம்மா, கிட்டத்தட்ட நாப்பதுதானே."

"குச்சியக் கிட்டத்தட்டச் சொல்லலாம் சார். புள்ளைங்களச் சொல்லக் கூடாது. ரிஜிஸ்தர்ல நாப்பத்தி மூணாவது பேரு சின்னப்பொண்ணு. நாப்பதுன்னு சொன்னா அவ எங்க போவா?"

நான் மனசுக்குள் கோடியக்கரைக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பிள்ளை யாரு, எந்திரி பாப்போம்" என்றார். சின்னப்பொண்ணு எழுந்தாள்.

"எட்டும் அஞ்சும் எவ்வளவு?"

அவரும் அதே கணக்கைத்தானா கேட்க வேண்டும்! சின்னப்பொண்ணு இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள்.

"குச்சியா, நெல்லா சார்?"

"என்ன புள்ள கேக்குத?"

"குச்சின்னா ஒரு கட்டு மூணு குச்சி. பதிமூணு. நெல்லுன்னா ஒரு கலம் ஒரு மரக்கா. எதச் சொல்லணும்?"

இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் காரியஸ்தரைப் பார்த்து, "என்னய்யா இது, இந்தப் பிள்ளை சொல்லுதது சரிதானா?" என்றார்.

காரியஸ்தர் எங்களைக் கவிழ்க்க வந்தவர். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் முப்பது வருஷம் களத்துமேட்டில் மரக்கால் பிடித்த மனுஷன். நெல் கணக்கில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சரிதாங்க ஐயா. பதிமூணு மரக்கான்னா ஒரு கலம் ஒரு மரக்கா. சுத்தமான கணக்கு" என்றார். சொல்லிவிட்டு, என்ன செய்துவிட்டோம் என்று புரிந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "எங்க ஊர்ல இருபத்தியோரு மரக்கா ஆனாத்தான் ஒரு கோட்டை. அங்க வந்தியன்னா என்ன சொல்லுவ?"

சின்னப்பொண்ணு ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஒங்க ஊர்ல பதிமூணு மரக்காலும் வெளியிலயே கெடக்கும் சார். ஒண்ணும் ஏறாது."

அவ்வளவுதான். மனிதர் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். முற்றத்தில் மூன்று வீட்டையும் சுற்றிவந்தார். பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். முந்நூறு என்றால் என்ன என்று கேட்டார். "மூணு வெளக்கமாறு" என்று நாற்பத்து மூன்று குரல் கேட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாலத்து விளையாட்டையும் பார்க்க வேண்டும் என்றார். ஐந்தில் தாமே போய் நின்று, "தண்ணி வருது!" என்று கேட்டதும் யோசிக்காமல் முன்னால் ஓடிக் கரையேறினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பலர் என்னைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

மனு தள்ளுபடி. நான் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டேன். சில்லுகளைப் பொறுக்கிய டீச்சர், ஒன்பதுதான் தேறியது என்று வருத்தப்பட்டார்.

ஆனால் சந்தோஷப்பட்டது அவசரம். இரண்டு மாதத்தில் ஓர் உத்தரவு வந்தது. பிரித்துப் படித்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பற்றி மேலே அப்படிப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவர் ஒரு கிராமத்துக் கொட்டகையில் இருக்கலாமா, வாத்தியார்களுக்கே சொல்லிக்கொடுக்க வேண்டாமா என்று, நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பண்ணையாரின் மனுவால் ஆகாத காரியம் பாராட்டால் ஆகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுப்பதற்கு இப்படி ஒரு தண்டனை உண்டா?

"போவ மாட்டேன்னு எழுதிப் போடுங்க டீச்சர்" என்றேன்.

"எழுதினேன் சார். ரெண்டு தடவ எழுதினேன்" என்றார். பிரிந்து கிடந்த ஒரு கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். எண்ணாமல் கட்டினார். அவர் எண்ணாமல் கட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்தத் தெருப் புள்ளைங்க நாலு நாள் வரலைன்னா வீட்டுக்குப் போய்ப் பாருங்க. பண்ணையாருக்குப் பயப்படுற மாதிரி அந்தத் தெருவுக்குப் பயப்படாதீங்க" என்றார் பிறகு. சரி என்றேன். போனேன் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். முதல் தடவை போனபோது, சின்னப்பொண்ணின் அம்மா மோர் கொடுத்தாள்.

அவர் கிளம்பிய நாளில், டிரங்குப் பெட்டியை வண்டிக்காரர் முன்னதாகவே ரோட்டுக் கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் இந்தக் கரையில். டீச்சர் கையில் ஒரே ஒரு துணிப்பையோடு பாலத்தில் ஏறி நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுகளை மிதித்துப் போனவர், நான்காவதில் செருப்பு வழுக்கியதோ என்னவோ, நின்றுவிட்டார்.

சின்னப்பொண்ணுதான் முதலில் கத்தினாள்.

"டீச்சர், நாலுதான்! இன்னும் நாலுதான் ஆவுது! திரும்பி வந்துடுங்க!"

அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். "நாலுதான் டீச்சர்! நாலுதான்! திரும்பிடுங்க!" அவர் சொல்லிக்கொடுத்த விதிதான். நாலில் நிற்பவர் இந்தக் கரைக்குத்தான் வர வேண்டும். நானும் கத்தினேன். வெட்கமில்லாமல், எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

டீச்சர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அந்தப் பாலத்தில் அவர் நின்று யோசித்து நாங்கள் பார்த்ததே இல்லை. பிறகு ஒரே தாண்டாக ஆறாவது வெட்டில் காலை வைத்தார். ஐந்தை மிதிக்கவே இல்லை. ஐந்தில் நின்றால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா?

அக்கரையில் ஏறியவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் ஹாரன் அடித்தார். டீச்சர் திரும்பி நின்று, ஒரு விரலை நீட்டி, எங்களை எண்ண ஆரம்பித்தார். பத்து ஆனதும் இடது கையில் ஒரு விரலை மடக்கினார். அடுத்த பத்துக்கு இன்னொரு விரல். நான்கு விரல்கள் மடங்கின. அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்றாவதாகச் சின்னப்பொண்ணு.

முடிந்துவிட்டது, இனி பஸ் ஏறுவார் என்று நான் நினைத்தேன். நீட்டிய விரல் இறங்கவில்லை. நகர்ந்து வந்து என்மேல் நின்றது. நாற்பத்து நான்கு என்று அவர் உதடு சொன்னது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பட்டியலில் என் பெயர் இருந்திருக்கிறது. அவ்வளவு சரியாக என்னை யாரும் எண்ணியதில்லை.